பழைய மியாட்டாவும் டர்போ ஆசையும்

மாஸ்தா எம்எக்ஸ்-5 என்கிற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இரண்டே சீட்டு, மடக்கும் துணிக்கூரை, தவளைக் கண் மாதிரி எழும்பும் ஹெட்லைட். இந்த முதல் தலைமுறை 1997 வரை வந்தது. அதாவது இருப்பதிலேயே இளைய வண்டிக்கே இன்று 25 வயதுக்கு மேல். ஆனாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சொந்தக் கையால் ஸ்பேனர் பிடித்து கார் வேலை பழக நினைக்கிற சின்ன வயசுக்காரர்கள் பலர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். எஞ்சின் சிம்பிள், பாகங்கள் கிடைக்கும். 10, 12, 14, 17 எம்.எம். சாக்கெட் கையில் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம்.

வாங்கின வாரமே அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: டர்போ போடலாமா?

போடலாம். ஆனால் இப்போது இல்லை. ஆரம்ப மாடலில் 1600 சிசி எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைசக்தி. வண்டியின் எடை 1000 கிலோவைத் தொடாது. இதன் சுகம் நேர்ரோட்டில் பறப்பதில் கிடையாது, வளைவில் திரும்புவதில் இருக்கிறது. அந்தச் சுகத்தைக் கெடுத்து வைத்திருப்பது வயசு. இறுகிப்போன ரப்பர் புஷ், செத்துப்போன ஷாக் அப்சார்பர், கல்லாகிவிட்ட டயர். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு மேலே டர்போவை ஏற்றுவது, கூரை ஒழுகுகிற வீட்டுக்கு ஏசி மாட்டுகிற கதை.

முதலில் பார்க்க வேண்டியது துரு. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள ஓட்டை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் வெளியேற வேண்டும். அந்த ஓட்டையில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதிக்குள் தேங்கிவிடும். அங்கே உள்ளிருந்து துரு பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்! பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்புளித்துத் தெரிகிற நாளில் உள்ளே பெரும்பாலும் ஒன்றும் மிச்சம் இருக்காது. இங்கிலாந்தில் வருடாவருடம் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் இந்தத் துருவுக்காகவே வண்டி தோற்றுப்போகும். வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய ஆகும் செலவு சில நேரம் வண்டி விலையையே எட்டிவிடும். வாங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை அந்த ஓட்டையில் மெதுவாக ஊற்றி, கீழே வருகிறதா என்று பார்த்தால் போதும். அடைப்பு இருந்தால் புல் வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் கயிற்றை விட்டு எடுக்கலாம். கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜாக்கி வைக்கச் சொல்லியிருக்கும் இடமும் இதே பகுதியின் விளிம்புதான். துருப்பிடித்த விளிம்பில் ஜாக்கி ஏறினால் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும், வண்டி சரியும். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். கீழே படுத்து வேலை செய்கிறவர் உறுதியான இடங்களில் ஜாக் ஸ்டாண்டு கொடுத்து, ஒருமுறை வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்த்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டர்போவுக்குச் சேர்க்கிற பணத்தில் முதல் செலவு நல்ல ஸ்டாண்டு நான்கு.

அடுத்தது டைமிங் பெல்ட். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கம்பெனி. வண்டி கம்மியாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். நல்ல காலம், இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான் (லாரியை ஓவர்டேக் செய்யும்போது நிற்காமல் இருந்தால் சரி!). சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கு அச்சாகப் பொருந்தும். பெல்ட் விலை கொஞ்சம், கழற்றி மாட்டுகிற உழைப்புதான் அதிகம். ஆகவே திறந்த கையோடு வாட்டர் பம்ப்பையும் முன்பக்க ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவதே லாபம்.

ஆனால் 1991 வரையிலான வண்டியில் இதைத் தொடும் முன் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். ஆரம்ப எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முனை குட்டை. முன்பக்க போல்ட்டைக் கழற்றிவிட்டுச் சரியாக முறுக்காமல் மாட்டினால், புல்லி ஆடி ஆடி சாவி உட்காரும் பள்ளத்தையே தின்றுவிடும். அப்புறம் கிராங்க்கே போச்சு. புல்லியில் நான்கு பிளவு இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பயமில்லை. குட்டை முனை வண்டியில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அந்த போல்ட்டில் கை வைக்கவே கூடாது.

மற்றதெல்லாம் சில்லறை. எஞ்சினின் பின்பக்கம் ஆயில் கசிந்தால், பெரும்பாலும் கேம் ஆங்கிள் சென்சாரின் ரப்பர் வளையம்தான். ரேடியேட்டரின் கறுப்பு பிளாஸ்டிக் தலை பழுப்பாகியிருந்தால் அது வெடிக்க நாள் பார்க்கிறது என்று அர்த்தம். காலையில் எஞ்சின் மேலிருந்து டிக் டிக் சத்தம் வந்தால் பதற வேண்டாம், ஆயில் மாற்றினாலே பல வண்டிகளில் குறையும். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

இதற்கெல்லாம் பிறகுதான் மாடிஃபிகேஷன். அதிலும் புது டயர், நல்ல ஷாக் அப்சார்பர், சரியான அலைன்மென்ட் மூன்றும் முடிந்தால் பலருக்கு டர்போ ஆசையே அடங்கிவிடும். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு ஒட்டவைப்பது பார்க்க அழகு. ஆனால் இந்தக் காரில் சஸ்பென்ஷன் ஏறி இறங்க இடமே கொஞ்சம்தான், ஒவ்வொரு பள்ளத்திலும் அடி முட்டும். பெரிய சைலன்சர் தருவது நிறைய சத்தம், கொசுறாகக் கொஞ்சம் சக்தி. அப்படியும் டர்போதான் வேண்டும் என்பவர் 1993 வரை வந்த வண்டிகளின் டிஃபரன்ஷியல் சின்னது, 1994 முதல்தான் பெரியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளட்ச், ரேடியேட்டர், பெட்ரோல் அளவைச் சீர்செய்யும் கம்ப்யூட்டர் எல்லாம் அந்த பில்லில் பின்னாலேயே வரும்.

மாடிஃபிகேஷனில் போட்ட காசு விற்கும்போது அநேகமாகத் திரும்பாது. ஒரிஜினலாக இருக்கும் வண்டிக்குத்தான் விலை ஏறுகிறது. 2017-ல் மாஸ்தாவே ஜப்பானில் இந்தக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, துணிக்கூரை, நார்டி ஸ்டீயரிங், பழைய 185/60 ஆர்14 அளவு டயர் வரை மறுபடி செய்யக் கிளம்பியது. அதனால் கழற்றுகிற ஸ்டீயரிங், சக்கரம், சைலன்சர் எதையும் எடைக்குப் போடாமல், போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் பெயர் எழுதிக் கட்டி பரண்மேல் ஏற்றிவிடலாம். அடுத்து வாங்க வருகிறவர் முதலில் அந்தப் பெட்டியைத்தான் கேட்பார்.