சுவரில் நிலைக்கும் படம்

பொழுதுபோக்கு என்று தொடங்கும் காரியங்கள் பல, நாளடைவில் மனிதனிடம் பொறுப்புக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. பூச்செடி வளர்ப்பவன் மழையையும் வெயிலையும் கணக்கிடுகிறான்; புறா வளர்ப்பவன் பருந்துக்கு அஞ்சுகிறான். படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாமும், எடுத்த படங்களை அட்டையில் ஏற்றிச் சட்டமிட்டு விலைக்குக் கொடுக்க முற்பட்ட நாள் முதலாக அத்தகையதொரு பொறுப்புக்கு ஆளாகியிருக்கிறோம்.

நாம் வாழ்வது கிளிநொச்சியில். வாரத்தில் ஐந்து நாள் உத்தியோகம். எஞ்சிய இரண்டு நாளும் கமராவும் மோட்டார் சைக்கிளும். இரணைமடு அணைக்கட்டின் விடியற்பொழுது, சுண்டிக்குளக் களப்பில் வந்திறங்கும் பூநாரைகள், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை நாடிச் செல்லும் அடியவர் கூட்டம், இவையே நாம் தேடித் திரியும் செல்வங்கள். அவற்றுட் சிலவற்றைப் பெரிதாக அச்சிட்டு, நண்பர் ஒருவரின் புத்தகக் கடைச் சுவரில் விற்பனைக்குத் தொங்கவிட்டிருக்கிறோம்.

முதன்முதலாகச் சட்டம் போடச் சென்றபோது, கடைக்காரப் பெரியவர் பொதியைப் பிரிக்கும் முன்னரே குரலைத் தாழ்த்தி, "ஆர் தம்பி தவறினது?" என்று வினவினார். உள்ளே இருந்ததோ வயல் வரம்பில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு! அவர் சிரித்துவிட்டார், நாமும் சிரித்தோம். எனினும் அக்கேள்வியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பகுதியின் வீட்டுச் சுவர்களிலே பெரும்பாலும் இரண்டு வகைப் படங்களுக்குத்தான் இடமுண்டு. ஒன்று தெய்வத்தின் படம். மற்றையது மறைந்தவரின் படம்.

அந்த இரண்டாம் வகைப் படங்கூடக் கிட்டாத வீடுகள் வன்னியில் அநேகம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது முல்லைத்தீவுக் கரையோரத்தில் வீடுகளோடு அவற்றின் படங்களும் அள்ளுண்டு போயின. 2008, 2009ஆம் ஆண்டுகளில் சனங்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்து கடைசியில் கடற்கரை வரை சென்றபோது, ஒவ்வொரு பெயர்விலும் கைச்சுமை குறைந்துகொண்டே வந்தது. காணி உறுதியும் அடையாள அட்டையும் எஞ்சின. கலியாண அல்பம் எங்கோ ஒரு பதுங்குகுழியில் தங்கிவிட்டது. 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, அன்னையர் கையில் ஏந்தியிருந்தவை படங்களே. ஒரு துண்டுத் தாளுக்கு எவ்வளவு கனம் இருக்கக்கூடும் என்பதை நம் ஊர் அறிந்த அளவுக்கு வேறு ஊர் அறிந்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவேதான், புத்தகக் கடையில் இரணைமடுக் குளத்தின் படத்தை நெடுநேரம் பார்த்து நின்ற மூதாட்டி ஒருவர், விலையை வினவாமல், "இது எத்தனை வருசத்துக்குக் கிடக்கும், மோனை?" என்று வினவியபோது நாம் திகைத்துப் போகவில்லை. கேட்கத் தகுந்த கேள்வி அதுவே. படத்தை விற்பவன் உண்மையில் விற்பது ஒரு வாக்குறுதியை. அது நிலைத்திருக்கும் என்ற வாக்குறுதியை.

வாக்கைக் காப்பதற்கு வழியும் உண்டு. மலிவான மட்டையில் உள்ள அமிலம் காலப்போக்கில் தாளையும் பழுப்பாக்கிவிடும். எனவே அமிலமற்ற அட்டையையே நாடவேண்டும். ஒட்டுநாடாவும் ஆகாது, அதன் பசை மஞ்சளித்துத் தாளினுள் ஊறிவிடும். கோதுமைமாப் பசையும் மெல்லிய வலுவான தாளுமே போதுமானவை. படத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களிற் பிணைத்துத் தொங்கவிடுதல் நன்று. மாரிக்கு விரிந்து கோடைக்குச் சுருங்குவது தாளின் இயல்பு; நான்கு புறமும் இறுக்கி ஒட்டினால் அது நெளிந்துவிடும்.

படத்தின் மேல் சாளரம் வெட்டிய இன்னோர் அட்டையை வைப்பது அழகுக்காக மட்டுமன்று. அது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சிறு இடைவெளியை உண்டாக்குகிறது. இடைவெளி இல்லாவிடின் மாரிக்கால ஈரத்தில் படத்தின் மேற்பரப்பு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் பிரிக்கப் போனால் படம் உரியும். சட்டத்தின் பின்புறத்தைத் தாளால் மூடி, கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால், சுவரின் ஈரம் நேரே தாக்காது, காற்றும் உலாவும். கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் எதிரான காவல், அவ்வப்போது கழற்றித் தூசி தட்டிப் பார்க்கும் வீட்டாரின் கையிலேயே உள்ளது.

இத்தனை பிரயாசை எதற்கு, மூலம் நம்மிடம் இருக்கிறதே, வேண்டும்போது மறுபடி அச்சிடலாமே என்பார் உளர். அவர்கள் லயனல் வென்ட்டின் வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். 1900இல் கொழும்பில் பிறந்த அவர் சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். படக்கலையின்மீது கொண்ட காதலால் இருட்டறையிற் புகுந்து, தம் படங்களைத் தாமே அச்சிட்டு உலகப் புகழ் எய்தினார். 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை அவர் செப்பமாகச் செய்து வைத்த பிரதிகளும், 1950இல் வெளிவந்த நூலுமே. மூலம் அழிந்தது, தாள் நின்றது. கணினியையும் கைத்தொலைபேசியையும் நம்பியிருக்கும் இக்காலத்தவருக்கும் இது பொருந்தும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. "பொத்தானை அமுக்குவதற்கு இவ்வளவு காசா?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வினா. தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவைக் காட்டிலும் மரத்துக்கும் கண்ணாடிக்கும் அட்டைக்கும் ஆகும் செலவே மிகுதி. இருபத்தைந்து பிரதிகள் மட்டுமே என்று எண்ணிட்டு விற்றால், எவ்வளவு கேட்டாலும் இருபத்தாறாவது பிரதியை அச்சிடாதிருக்கும் கட்டுப்பாடும் அவ்விலையில் அடங்கும். பேரம் பேசுவோரிடம் நாம் கோபிப்பதில்லை; சட்டத்தைத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டுகிறோம். பெரும்பாலார் அதன்பின் பேரம் பேசுவதில்லை.

விற்காத படங்களும் நம்மிடம் உண்டு. வெளியூரிலிருந்து வருவோர் சிலர் இடிந்த சுவர்களையும் அழுத முகங்களையும் விரும்பிக் கேட்பதுண்டு. ஒருவருடைய துயரம் இன்னொருவருடைய வரவேற்பறைக்கு அலங்காரமாவதை நம் மனம் ஒப்பவில்லை. மனித முகம் உள்ள எந்தப் படமாயினும் முதற் பிரதி அந்த முகத்துக்கு உரியவருக்கே, இலவசமாக. அவர் சம்மதித்தால் மட்டுமே இரண்டாவது பிரதி கடைக்குப் போகும். இதனால் நட்டமில்லையா என்று கேட்டால், உண்டு. ஆயினும், படமே இல்லாதிருந்த எத்தனையோ வீடுகளில் இன்று உயிரோடிருப்பவர்களின் படங்கள் தொங்குகின்றன.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கைத்தொலைபேசியில் உறங்கும் ஆயிரம் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்மா கிணற்றடியில் நிற்பதாயினும், பிள்ளை பள்ளிக்குப் புறப்படுவதாயினும் சரி. அதை நல்ல தாளில் அச்சிட்டு, கண்ணாடி தொடாமற் சட்டமிட்டு, வெயில் நேரே விழாத சுவரில் மாட்டுங்கள். வந்தவர்கள், "ஆர் தவறினது?" என்று கேட்பார்களாயின், அம்மாவையே அழைத்துப் பதில் சொல்லச் செய்யுங்கள்.