டயரின் மெருகும் அதற்கு அடியில் இருப்பதும்



காரின் டயருக்குப் பாலிஷ் போடுவதைப் பற்றிக் குடும்ப இதழில் எழுத என்ன இருக்கிறது என்று தங்களில் சிலர் வியப்படையலாம். ஆனால் நம் கடற்கரை ஊர்களின் தெருக்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். அயல்நாட்டு உழைப்பில் வாங்கிய கார் ஒன்று வாசலில் நிற்கிறது. வாங்கியவர் ஜித்தாவிலோ துபாயிலோ இருக்கிறார். ஆண்டில் பத்து மாதம் அந்த வண்டி வெயிலிலும் உப்புக்காற்றிலும் அசையாமல் நிற்கிறது. அவர் விடுமுறையில் வருவதற்கு முதல்நாள் அதை வாட்டர் சர்வீஸ் கடைக்கு அனுப்பிக் கழுவி, டயருக்கு மை போல் கறுப்பேற்றி நிறுத்துகிறோம். மறுநாள் குடும்பம் முழுவதும் அதில் ஏறிப் புறப்படுகிறது. அந்தக் கறுப்பு எத்தகையது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது குடும்பத்திற்கு அவசியமான செய்தி என்றே நான் கருதுகிறேன்.

டயர் இயற்கையிலேயே கறுப்பானதன்று. தொடக்கக் காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. மிஷெலின் நிறுவனத்தின் சின்னமாக 1898ஆம் ஆண்டு முதல் வரும் டயர் மனிதன் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பின்னர் ரப்பருடன் நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் அது பன்மடங்கு உறுதி பெறுவதையும், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை அந்தக் கரி தானே வாங்கிக்கொள்வதையும் கண்டறிந்தார்கள். ஆகவே வெயிலை எதிர்க்கும் முதல் மருந்து டயருக்குள்ளேயே இருக்கிறது.

வெயிலைவிடக் கொடிய பகைவன் காற்றிலுள்ள ஓசோன். இழுபட்டு நிற்கும் ரப்பரை அது மயிரிழை மயிரிழையாகப் பிளக்கிறது. இதைத் தடுக்கவே தயாரிப்பாளர்கள் ரப்பரில் ஒருவகை மெழுகையும், ஓசோனைத் தான் ஏற்று அழியும் வேதிப்பொருள் ஒன்றையும் சேர்க்கிறார்கள். இவை சிறிது சிறிதாக உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். கழுவி இரண்டு மூன்று வாரங்களில் டயரின் பக்கச்சுவர் பழுப்பேறுவதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை அழுக்கென்றே எண்ணுகிறார்கள். உண்மையில் அது காவல் செய்து ஓய்ந்த அந்த வேதிப்பொருளின் நிறம். (இந்தப் பொருள் ஓசோனுடன் சேர்ந்து மாறும்போது உண்டாகும் ஒன்று, மழைநீரோடு ஓடைகளில் கலந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்று வந்ததை 2020ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் கண்டுபிடித்தனர். மனிதன் செய்யும் காவலுக்கும் ஒரு விலை இருக்கிறது போலும்!)

வண்டி ஓடினால் டயர் நெளியும்; நெளிந்தால்தான் மெழுகும் மருந்தும் மேலே ஏறி வரும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டயருக்கு இந்த நன்மை கிடைப்பதில்லை. ஓடித் தேய்ந்த டயரைக் காட்டிலும் நின்றே முதுமையடைந்த டயர் நம் ஊர்களில் அதிகம். பட்டன் தேயாமலிருப்பதால் அதை யாரும் ஐயுறுவதுமில்லை.

இதை நேரில் கண்ட சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு என் லாத்தாவின் கணவர் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தவர், பழைய கார் ஒன்றை வாங்கினார். குறைவாகவே ஓடிய வண்டி. நான்கு டயர்களும் கருநாகம் போல் மின்னின. “பட்டன் அப்படியே இருக்கு தம்பி, டயருக்கு இன்னும் மூணு வருசத்துக்குச் செலவில்லை” என்று மச்சான் பூரித்துப் போனார். மறுநாள் பிள்ளைகளோடு மதுரைக்குத் திருமணத்திற்குப் போவதாக ஏற்பாடு. அன்று அஸருக்குப் பிறகு நான் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக அமர்ந்து முன் டயரைத் தேய்க்கத் தொடங்கினேன். நுரை கறுப்பாக வழிந்தது. பிறகு பழுப்பாக வழிந்தது. மூன்றாம் முறை வெண்மையாயிற்று. டயர் உலர்ந்ததும் பக்கச்சுவர் முழுவதும், பாளம் பாளமாக வெடித்த கண்மாய்த் தரையைச் சிறிதாக்கி வைத்தாற்போல் வெடிப்புகள் தெரிந்தன.

பக்கச்சுவரில் ‘டாட்’ என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் குறியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. அந்த டயரில் 1413 என்று இருந்தது. அதாவது 2013ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்யப்பட்டது. வயது ஒன்பது கடந்துவிட்டது! ஐந்து ஆண்டுகள் ஆனபின் ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கவும், பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்நிலையிலும் வைத்திருக்க வேண்டாமென்றும் தயாரிப்பாளர்கள் பலர் கூறுகின்றனர். அது குளிர்நாட்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. நம் வெயிலுக்கு அவ்வளவு காத்திருக்கலாகாது என்பது என் எண்ணம்.

மச்சானுக்கு மனம் ஒப்பவில்லை. வண்டிக்கே கையிருப்பு கரைந்திருந்தது. “இந்த லீவு கழியட்டுமே” என்றார். பஞ்சர் கடைப் பெரியவரை அழைத்து வந்தோம். அவர் பேசவில்லை. கட்டைவிரலால் பக்கச்சுவரை அழுத்தி வெடிப்பை விரித்துக் காட்டினார்; உள்ளே நூலிழை தெரிந்தது. “இதுல பிள்ளைகளை ஏத்தாதீங்க பாய்” என்றார். அவ்வளவுதான். மதுரைக்கு வாடகை வண்டியில் போனார்கள். அடுத்த வாரம் நான்கு டயர்களும் மாற்றப்பட்டன. அந்தப் பணத்தை லாத்தா வேறொன்றுக்கு எண்ணி வைத்திருந்தார் என்பதும், அதைப்பற்றி மச்சானிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

விற்றவர் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பி விற்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை என்று மட்டும் சொல்வேன். அதைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பழைய வண்டி வாங்கச் செல்பவர்கள் ஒரு பழந்துணியும் சிறிது சோப்புத் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். ஒரு டயரையாவது துடைத்துப் பாருங்கள். ஸ்டெப்னியின் குறியையும் படியுங்கள். அது பெரும்பாலும் எல்லாவற்றிலும் மூத்ததாக இருக்கும்.

அப்படியாயின் பாலிஷே கூடாதா? நன்றாகக் கூடும், நானும் போடுகிறேன். நல்ல டயருக்கு நல்லதைப் போட வேண்டும்.

கடையில் கிடைப்பவற்றை இரண்டு இனமாகக் கொள்ளலாம். ஒன்று பால் போல் வெண்மையாக இருக்கும். சிலிக்கான் எண்ணெயை நீரில் கலந்து செய்தது. நீர் ஆவியானதும் மெல்லிய படலம் தங்கும். அடக்கமான கறுப்பைத் தரும். நல்ல மழையில் பெரும்பகுதி போய்விடும். மற்றது கண்ணாடி போல் தெளிவாகவும் பிசுபிசுப்பாகவும், மண்ணெண்ணெய் வாடையுடனும் இருக்கும். அதில் சிலிக்கானைக் கரைத்திருப்பது பெட்ரோலியக் கரைப்பான். பளபளப்பு அதிகம், நீடிப்பும் அதிகம். சிலிக்கான் டயரைத் தின்றுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சிலிக்கான் எண்ணெய் ரப்பரோடு வினைபுரியாத சாதுவான பொருள். கவலைக்குரியது அதைச் சுமந்து வரும் கரைப்பானே. மேலே கசிந்து வந்த காவல் மெழுகை அது கரைத்துக் கொண்டு போய்விடக்கூடும். ஆகவே என் தேர்வு பால் நிறத்தது. மாதம் இருமுறை போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

வாட்டர் சர்வீஸ் கடைகள் சிலவற்றில் டீசலையோ கழிவு எஞ்சின் ஆயிலையோ பிரஷில் தொட்டு அடிக்கும் வழக்கம் இருக்கிறது. கறுப்பு அபாரமாக வரும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்து மென்மையாக்கிவிடும். “டீசல் வேண்டாம், வெறும் சோப்பு போதும்” என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் மனம் வருந்த மாட்டார்கள், டீசலும் காசுதானே.

போடும் முறைக்கு வருவோம். காலையில், டயர் சூடேறுமுன், நிழலில் செய்யுங்கள். நுரை வெண்மையாகும் வரை கழுவி நன்கு உலரவிடுங்கள். ஈரத்தின் மேலோ பழைய பூச்சின் மேலோ போட்டால் திட்டுத்திட்டாகும். புதுடயரையும் ஒருமுறை கழுவியே தீரவேண்டும், ஏனெனில் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பொருள் அதன்மேல் இருக்கும். பாலிஷை டயரின்மீது ஊற்றாமல் பஞ்சில் ஊற்றிப் பக்கச்சுவரில் மட்டும் வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பழைய கைலித் துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். இந்தத் துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்! துடைக்காத பாலிஷ் சக்கரம் சுழலும்போது சிதறி, கதவின் அடிப்பாகம் முழுவதும் கரும்புள்ளிகளை இறைக்கும், புழுதியையும் பிடித்துக்கொள்ளும். துடைத்தபின் அரைமணி நேரமாவது வண்டியை எடுக்காதீர்கள்.

தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஒரு துளியும் படலாகாது. பிரேக் தட்டில் படலாகாது. தெளிப்பான் டப்பாவைப் பயன்படுத்துவோர் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பிரேக் மிதி, ஸ்டியரிங், ஓட்டுநரின் காலடி விரிப்பு ஆகியவற்றிலும் வேண்டாம். இருசக்கர வண்டியின் டயருக்கோ எந்தப் பாலிஷும் வேண்டவே வேண்டாம். கார் நிமிர்ந்தே ஓடுகிறது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து டயரின் ஓரத்தால் தரையைப் பற்றுகிறது. தம்பிமார்கள் அழகுக்காக அந்த ஓரத்தில் வழுக்கலைப் பூசிக்கொண்டு கல்லூரிக்குப் போவதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இனி பம்பர், கண்ணாடிக் கூடு, வைப்பரின் அடித்தட்டு முதலிய பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள். இவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் வகை. வெயில் இவற்றின் மேற்தோலைச் சிதைத்துச் சுண்ணாம்பு பூசியது போல் ஆக்கிவிடும். ஆனால் எல்லா வெளுப்பும் வெயிலால் வந்ததன்று. காரின் பெயிண்ட்டுக்குப் போட்ட மெழுகுப் பாலிஷ் இதன் சொரசொரப்பில் படிந்து வெள்ளைத் திட்டாக நிற்பதுமுண்டு. அதை மென்மையான பிரஷும் சோப்பும் கொண்டு பொறுமையாக எடுத்துவிடலாம். வெயிலால் வெளுத்ததற்கு நீர் கலந்த அதே பூச்சு சில வாரங்களுக்கு நிறம் தரும். பிளாஸ்டிக்குக்கென்றே வரும், படிந்து இறுகும் பூச்சுகள் பல மாதங்கள் நிற்கும், விலையும் அதற்கேற்ப. வெந்நெருப்புக் காற்றை ஊதிக் கறுப்பை மீட்கும் வித்தையைச் சிலர் செய்து காட்டுகிறார்கள். மாயம் போல் கறுக்கும், ஆனால் நிலைப்பதில்லை. கை சற்றே தாமதித்தால் பம்பர் நெளிந்துவிடும்.

கதவு பீடிங் ரப்பருக்கு வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். மருந்துக்கடைக் கிளிசரினைச் சிறிது தண்ணீரில் கலந்து துணியால் துடைத்தால் போதும். டேஷ்போர்டுக்கு மினுமினுக்கும் பூச்சு தவிர்க்கத்தக்கது. பகல் வெயிலில் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசச் செய்யும். முன் கண்ணாடியில் சிலிக்கான் சிறிது பட்டாலும் இரவு மழையில் வைப்பர் அதைப் பரப்பி, எதிர்வரும் விளக்கொளியை வெண்திரையாக்கிவிடும். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கவிருந்தால் முன்கூட்டியே அந்தக் கடைக்காரரிடம் சிலிக்கான் பாலிஷ் போட்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லையேல் புதுப் பெயிண்ட்டில் அம்மைத் தழும்பு போல் குழிகள் விழும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். கரைப்பான் கலந்த பாலிஷைச் சில்லறையாக வாங்கி, குளிர்பானப் போத்தலில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பால் நிறத்தது குழந்தையின் கண்ணுக்குப் பாலாகவே தெரியும். தெளிவானது சர்பத்தாகத் தெரியும். வாங்கிய டப்பாவிலேயே, மூடியை இறுக்கி, எட்டாத உயரத்தில், அடுப்பங்கரைக்கு வெளியே வையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்து உலர்த்துங்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த பொருள் வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதன்மேல் எழுதியிருப்பதை மருத்துவர் படிக்க வேண்டியிருக்கும்.