சுவரில் இருந்த சனம்

2018 நவம்பரில் மகள் எங்களை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சூதாடத் தெரியாத தகப்பனையும், வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத தாயையும் அங்கே வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? மூன்றாம் நாள் டெத் வலி பார்க்கப் போவோம் என்று காரில் ஏற்றிவிட்டாள். 1913 இல் 56.7 பாகை வெப்பம் பதிவான இடம். நல்லகாலம், நாங்கள் போனது குளிர் தொடங்கும் நேரம்.

இருட்டுகிற நேரத்தில் டெத் வலி ஜங்ஷன் என்ற சந்தியில் கார் நின்றது. சந்தி என்றால் எங்கள் ஊர்ச் சந்தி மாதிரி நினைக்காதீர்கள். தேத்தண்ணிக் கடைகூட இல்லை. இரண்டு தெருக்கள், சுற்றிவர வெறும் தரை, தூரத்தில் மலை. 'ப' வடிவில் ஒரு நீண்ட வெள்ளைக் கட்டடம், முன்னால் வளைவு வளைவாய் விறாந்தை.

"பிள்ளை, இங்கையோ படுக்கப் போறம்?" என்றார் மனைவி.

அதுதான் அமர்கோசா ஹோட்டல். ஸ்பானிய மொழியில் அமர்கோசா என்றால் கசப்பு. வெண்காரம் தோண்டிய ஒரு கம்பனி தன் கந்தோருக்கும் வேலையாட்கள் தங்குவதற்குமாக 1923 முதல் 1925 வரை கட்டியது. வெண்காரம் வேறிடத்தில் கிடைத்ததும் கம்பனி போய்விட்டது. கட்டடம் நின்றுவிட்டது. அறையில் தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி இல்லை. இரவு வெளியே வந்து பார்த்தால் வானம் முழுக்க வெள்ளி. கனடா வந்து முப்பது வருடத்தில் இவ்வளவு வெள்ளியை நான் ஒருமித்துப் பார்த்ததில்லை.

காலையில் பக்கத்து மண்டபத்தைத் திறந்து காட்டினார்கள். அங்கேதான் நான் வாயடைத்துப் போனேன்.

மார்த்தா பெக்கெட் என்று நியூயோர்க் நடனக்காரி ஒருவர். 1967 இல் கணவருடன் இந்தப் பக்கம் வந்தபோது வாகனத்தின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. அதைத் திருத்தும் நேரத்தில் இவர் பாழடைந்து கிடந்த மண்டபத்தைச் சுற்றிப்போய், கதவிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். பழைய மேடை ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். மாதம் 45 டொலர் வாடகை பேசி, நியூயோர்க்கை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். அப்போது வயது 42.

1968 பெப்ரவரி 10 இல் முதல் ஆட்டம். பாலைவனத்தில் யார் வருவார்கள்? சில இரவுகளில் ஒரு கதிரையிலும் ஆளில்லை. ஆனாலும் ஆடினார். பிறகு ஏணி வைத்து, சபையைச் சுவரில் வரையத் தொடங்கினார். ராசா, ராணி, பிரபுக்கள், துறவிகள், கன்னியாஸ்திரிகள், எருதுச் சண்டைக்காரர் என்று சுவர் முழுக்கச் சனம். சுவருக்கு நாலு வருடம், கூரைக்கு இரண்டு வருடம். 1970 இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை எழுதிய பிறகு உயிருள்ள சனமும் வரத் தொடங்கியது. கடைசியாக ஆடியது 2012 பெப்ரவரியில், 87 வயதில். 2017 சனவரியில் காலமானார்.

மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு 1997 ஞாபகம் வந்தது.

ஊரில் நான் காத்தவராயன் கூத்தில் ஆரியமாலாவாக ஆடியவன். பெரியப்பாதான் பழக்கினார். கோயில் வீதியில் விடிய விடிய ஆட்டம். பாய் விரித்துச் சனம் இருக்கும். ஒரு அடி பிழைத்தால் முன்வரிசைக் கிழவிகள் உரத்துச் சொல்லுவார்கள். 1990 இல் அந்தச் சனம் முழுவதும் ஊரைவிட்டு ஓடியது. நான் அதற்கு முதலே கனடா வந்துவிட்டேன். 1997 இல் ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் காத்தான் கூத்துப் போட்டோம். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் எங்கள் மனைவிமார். இடைவேளைக்குப் பிறகு நான் மேடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். மிருதங்கக்காரர் அதற்குப்பிறகு என்னோடு கதைக்கவேயில்லை. சனத்துக்குக் கலையுணர்வு செத்துப்போச்சு என்று இருபது வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வந்த அந்தப் பதினொரு பேரைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த மண்டபத்தில் இருந்தபடி, எனக்கென்றால் யாரை வரைவேன் என்று யோசித்துப் பார்த்தேன். ராசா ராணி வேண்டாம். முன்வரிசைக் கிழவிகள் வேண்டும். கடலை விற்கும் ஆச்சி வேண்டும். ஓரத்தில் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டு பெரியப்பா வேண்டும். அவர் 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரியில் செத்தார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை, போகவும் முடியாது.

திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, என்ன முணுமுணுக்கிறீங்கள்?"

ஆரியமாலாவின் பாட்டு. எனக்கே தெரியாமல் வந்திருக்கிறது. உரத்துப் பாடச் சொன்னாள். பாடினேன். இரண்டு இடத்தில் சொல் மறந்துபோச்சு. பின்னாலிருந்த மனைவி எடுத்துக்கொடுத்தார். அன்றைக்கு மண்டபத்தில் கடைசிவரை இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

ரொறன்ரோ வந்ததும் மிருதங்கக்காரரின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்தேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "தலைவலி சுகமாப் போச்சோ?" என்று கேட்டார்.