பஞ்சு பெடலும் புத்தூர் நால்ரோடும்!

திருச்சியில் யாரிடம் வழி கேட்டாலும் மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும்தான் உற்சாகமாகச் சொல்வார்கள். புத்தூரா? "ஜி.ஹெச். இருக்கே, அந்த ஏரியாதானே?" என்பதோடு முடிந்துவிடும். ராஜராஜ சோழன் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் இதற்குள்தான் ஓடுகிறது பாஸ்! கரையில் குழுமாயி அம்மன். மாசி மாதம் குட்டிக்குடித் திருவிழா என்றால் நால்ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வயலூர் ரோட்டில் பிஷப் ஹீபர் காலேஜ்.

இது எல்லோரும் பார்க்கிற புத்தூர். மெயின் ரோட்டை விட்டு சந்துக்குள் திரும்பினால் இன்னொரு புத்தூர். வேப்பமரம், அடுக்கி வைத்த பழைய டயர்கள், ஜாக்கி மேல் நிற்கும் ஒரு வெள்ளை அம்பாஸடர். 1980-களின் மார்க் 4. உத்தரபாரா ஃபேக்டரியில் அம்பாஸடர் தயாரிப்பு 2014 மே மாதமே நின்றுவிட்டது. ஆனால், இந்த வண்டியின் ஓனருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போல! பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மறுநாள் காலை குடும்பத்தோடு கொல்லிமலை போக பிளான். எழுபது கொண்டை ஊசி வளைவு!

பிரச்னை என்னவென்றால், நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ போட்டாச்சு, வீல் சிலிண்டர் மாத்தியாச்சு. ஆனால், பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போகிறது. "வீட்டுலயே ஒரு பையனை வெச்சு ரெண்டு தடவை ஏர் எடுத்துப் பார்த்தேன் தம்பி, சரியாகலை" என்றார் பெரியவர்.

'அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்' என்று பாஸ்கல் விதியைப் பரீட்சையில் எழுதிப் பத்து மார்க் வாங்கியிருக்கிறோம். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி மாட்டினாலும் நம் காலின் பலம் அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெரியவருக்கு இதில் ஒரே ஆச்சரியம். "எங்க ரயில்ல காத்துதான் பிரேக்கே! பைப்புல காத்து இறங்கினா வண்டி தானா நின்னுடும். இங்க காத்து புகுந்தா நிக்க மாட்டேங்குது!"

மெக்கானிக் அண்ணன் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். அவர் பின்பக்கம் இடது சக்கரத்தடியில். நம்ம ஊர் காரில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் என்பதால், தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பம். "மிதி... மிதி... புடி!" என்றால் பெடலை அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் நிப்பிளை லூஸ் செய்வார், டியூப் வழியாக ஆயில் பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கணும். முந்தினால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். நாலு சக்கரமும் முடிந்தது. ஒரு குமிழிகூட இல்லை. பெடல்? அதே பஞ்சு!

"விட்டு விட்டு மூணு தடவை மிதி" என்றார். மிதித்தேன். அட, பெடல் மேலே ஏறி கெட்டியானது! அப்படியென்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஒவ்வொரு சக்கரத்திலும் அட்ஜஸ்டரை இறுக்கி, சக்கரம் பூட்டிக்கொண்டதும் கொஞ்சம் பின்வாங்கினார். பெடல் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. பெரியவர் சாவிக்குக் கை நீட்டினார்.

"இருங்கய்யா. தம்பி, மிதிச்சு அப்படியே ஒரு நிமிஷம் பிடி."

பிடித்தேன். பெடல் மெள்ள... மெள்ள... கீழே இறங்கியது. சக்கரம் எதிலும் கசிவு இல்லை. டப்பாவில் ஆயில் மட்டமும் குறையவில்லை. அப்போ ஆயில் எங்கே போகிறது? மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் வாஷரைத் தாண்டி நழுவுகிறது!

கழற்றிக் காட்டினார். வாஷரின் விளிம்பு கிழிந்திருந்தது. சிலிண்டர் சுவரில் துரு வளையம். பழைய காரில் பெடல் தினமும் ஓரளவுக்குத்தான் போகும். அதற்கு அப்பால் இருக்கும் பகுதி வருஷக்கணக்கில் தேயாமல் துருப்பிடித்துக் கிடக்கும். ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரைக்கும் அழுத்தினால் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். வீட்டுப் பையன் ரெண்டு தடவை செய்தது இதைத்தான். அண்ணன் பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஏர் எடுப்பதன் ரகசியம் அப்போதுதான் புரிந்தது.

"இப்பவே பாதி நல்லாருக்கே, மெதுவா ஓட்டிக்கிறேன். ஹேண்ட் பிரேக் வேற இருக்கு" என்றார் பெரியவர்.

"பக்கத்துலதான் ஜி.ஹெச். இருக்குங்கய்யா. அதுக்காக நம்ம வண்டி அங்கேயா போய் நிக்கணும்?" சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. பெரியவர் கோபமாக ஆட்டோ ஏறிப் போனார். கொல்லிமலை கேன்சல்!

மறுநாள் புது மாஸ்டர் சிலிண்டர் வந்தது. கூடவே சீல் உடைக்காத பிரேக் ஆயில் பாட்டில். திறந்து வைத்த பாட்டில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, ஆவி குமிழியாகும். திரும்பவும் பஞ்சு. அதுவும் முப்பதாவது வளைவில் என்றால்..? இறக்கத்தில் செகண்ட் கியரை விடாதீங்க என்று டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

மறுபடி ஏர் எடுத்தோம். ஒரு நிமிஷம் பிடித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. முதலில் சந்துக்குள் நடை வேகத்தில், பிறகு வயலூர் ரோட்டில் சோதனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முகத்தில் கோபம் போயே போச்சு!

"புது ஷூ டிரம்மோட படியணும்யா. ஒரு 500 கிலோமீட்டர் ஓடினதும் வாங்க, திரும்ப டைட் வெக்கணும்."

"கொல்லிமலை போயிட்டு வந்தா பாதி முடிஞ்சிடும்!"

"மொதல்ல நால்ரோட்டைச் சுத்துங்க" என்றபடி சாவியை நீட்டினார் அண்ணன்.