கோயில் வாசலில் பந்துக் கணிப்பு: இந்த வருஷமும் உண்டா என்று கேட்டவர்களுக்கு



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாத வரிசையில நிக்கும்போது ரெண்டு வாரமா ஒரே கேள்விதான். "உலகக் கிண்ணம் வருதே, இந்தத் தடவையும் கணிப்புப் போட்டி உண்டா?" சிலர் ஆசையா கேக்குறாங்க. சிலர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால 2022இல் நடந்ததை, நல்லது கெட்டது ரெண்டையும் சேர்த்து இங்கே எழுதிடுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

முதல்ல காரணத்தைச் சொல்லணும். அப்போ நம்ம தாமான்ல நாலு பேர் டயாலிசிஸ் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். சிகிச்சைக் காசுக்கு சொக்சோ, அறநிறுவனம்னு எப்படியோ வழி கிடைச்சிடுச்சு. போய் வர்றதுதான் பெரும்பாடு. போகும்போது யாராவது மோட்டார் சைக்கிள்ல ஏத்திட்டுப் போயிடுவாங்க. திரும்பி வரும்போது இரத்த அழுத்தம் இறங்கி, தலை சுத்தி, உட்காரவே முடியாது. ஒரு அண்ணன் அப்படி வரும்போது பின்னாலிருந்து சரிஞ்சு விழுந்து தோள்பட்டை இறங்கிப்போச்சு. அதுக்கப்புறம்தான் பள்ளிப் பிள்ளைங்களை வேன்ல ஏத்துற நம்ம பக்தர் ஒருத்தர் முன்வந்தார். "காலையில பிள்ளைங்களை இறக்கிட்டா வேன் சும்மாதான் நிக்குது. பெட்ரோலும் டயரும் மட்டும் பார்த்துக்குங்க, மத்தது என் சேவை"ன்னு சொன்னார். லிட்டர் 2.05 வெள்ளி கணக்குல போட்டுப் பார்த்தோம். பராமரிப்பும் சேர்த்து மாசம் 250 வெள்ளி. ஒரு வருஷத்துக்கு 3,000.

3,000 வெள்ளி பெரிய தொகையான்னு கேப்பீங்க. கோவிட் முடிஞ்சு ஜனங்க அப்பதான் மூச்சு விட்ட நேரம். அதுக்கு முன்னாடியே திருப்பணிக்குன்னு ஒரு சுத்து வாங்கியாச்சு. திரும்பவும் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிட்டு வீடு வீடா போக எங்களுக்கே கூச்சமா இருந்துச்சு.

அப்பதான் இளைஞர் பகுதி தம்பிங்க ஒரு யோசனை கொண்டு வந்தாங்க. கத்தார்ல உலகக் கிண்ணம் நடக்கப்போகுது. ஆளுக்கு 10 வெள்ளி கட்டி யார் ஜெயிப்பாங்கன்னு கணிச்சு எழுதட்டும். சேர்ற காசுல பாதி வேனுக்கு, பாதி ஜெயிச்சவருக்கு. செயலவைக் கூட்டத்துல பாதிப் பேர் தலையாட்டிட்டாங்க. பூ கட்டுற பெரியம்மா மட்டும் எழுந்து, "அம்பாள் வாசல்ல புக்கி கடை வைக்கப் போறீங்களா?"ன்னு கேட்டார். கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு.

அவர் கேட்டது சும்மா இல்ல. நம்ம தாமான்ல பந்து மேல காசு கட்டி வீட்டை நாசம் பண்ணாத தெரு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். அரை பந்து, ஒரு பந்துன்னு மாமாக் கடையில கணக்குப் பேசிக்கிட்டு இருப்பாங்க. பேசுறவங்க எல்லாம் நல்ல வேலையில இருக்கிறவங்கதான். இதை எழுதுற கையும் அந்தக் கூட்டத்துல இருந்த கைதான். 2006 இறுதியாட்டம், நம்ம நேரத்துக்கு ஜூலை 10 விடியற்காலை. நாங்க பிரான்ஸ் மேல கட்டியிருந்தோம். ஏழாவது நிமிஷத்துல சிடான் பெனால்டி அடிச்சதும் வீட்டுல எல்லாரும் எழுந்துக்குற மாதிரி கத்தினோம். 110ஆவது நிமிஷம் அவர் எதிராளி நெஞ்சுல தலையால முட்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பெனால்டியில 5-3, இத்தாலி. கட்டின காசு எங்க காசுகூட இல்ல. வீட்டம்மா சங்கிலியை அடகுக் கடையில வெச்சு எடுத்த காசு. ஆறு மாசத்துல மீட்டுடலாம்னு சொல்லி வாங்கினோம். மீட்கல. அந்தச் சீட்டு இன்னும் லைசென்ஸ் வைக்கிற பர்ஸ்லதான் இருக்கு. அன்னைக்குக் கூட்டத்துல பெரியம்மாவுக்கு எதிரா பேச எங்களுக்கு வாய் வரல.

கோயிலுக்கு வர்ற வழக்கறிஞர் ஒருத்தர்கிட்ட கேட்டோம். 1953ஆம் வருஷத்து பந்தயச் சட்டம் இருக்கு, விளையாட்டா நினைக்காதீங்கன்னார். காசு கட்டுறது, கணிக்கிறது, கட்டின காசிலிருந்தே ஜெயிச்சவர் எடுத்துக்கிறது, இந்த மூணும் ஒண்ணா சேர்ந்தா அது சூதுதான், கோயில் பேரு வெச்சா மாறிடாதுன்னு புரியவெச்சார். அதனால மூணையும் பிரிச்சோம். கணிப்புத் தாள் இலவசம், யார் வேணும்னாலும் வாங்கலாம். நன்கொடைக்கு பூட்டு போட்ட டப்பா தனி, போட்டா ரசீது. பரிசு டப்பாவிலிருந்து இல்ல, உபயம். அதுவும் காசா இல்லாம பொருளா மட்டும்.

திரும்ப பெரியம்மாகிட்ட போனோம். "காசு போடாதவனும் விளையாடலாமா?"ன்னார். விளையாடலாம்னோம். "காசு போட்டவன் விளையாடாம போகலாமா?" போகலாம். "அப்ப சரி. டப்பா சாவி என்கிட்ட இருக்கட்டும்." தம்பிங்களுக்குத்தான் முகம் தொங்கிப் போச்சு. "சும்மா கொடுத்தா எவன்லா அண்ணே காசு போடுவான்?"ன்னு ஒருத்தன் கேட்டான். எங்களுக்கும் உள்ளுக்குள்ள அதே பயம்தான்.

முதல் தாள்ல பிரிவு ஆட்டம் 48க்கும் கட்டம் போட்டோம். யார் ஜெயிப்பாங்கன்னு சரியா சொன்னா 1 புள்ளி, கோல் கணக்கும் சரியா இருந்தா 3. நவம்பர் 20 இராத்திரி நடை சாத்துறதுக்கு முன்னாடி தாள் வந்து சேரணும். முந்தின நாள்தான் நம்ம 15ஆவது பொதுத்தேர்தல், எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கல. அதைக் கணிக்கச் சொல்லியிருந்தா எல்லாருக்கும் பூஜ்யம்தான். 137 தாள் வந்துச்சு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, ஒவ்வொண்ணா எக்செல்ல ஏத்தி, பூஜை நேரம் ஒட்டுற அறிவிப்புப் பலகையில புள்ளிப் பட்டியலை ஒட்டுவோம்.

மூணாம் நாளே வேடிக்கை ஆரம்பிச்சுடுச்சு. அர்ஜென்டினாவை சௌதி 2-1ல தோக்கடிச்சது. 137 பேர்ல சௌதின்னு எழுதினது ஒரே ஆள், மடப்பள்ளியில காய் நறுக்குற அக்கா. எப்படின்னு கேட்டோம். "மகன் அங்கதானே வேலை பார்க்குறான், அந்த ஊருக்கு எதிரா எப்படி எழுதுறது?"ன்னார். மறுநாள் ஜெர்மனியை ஜப்பான் சாய்ச்சதும் பந்து நிபுணர்களா சுத்தின பாதிப் பேர் பலகைப் பக்கமே வரல.

இனி கெட்டது. ரெண்டாவது வாரம் நம்ம புலனக் குழுவுல ஒரு செய்தி தவறுதலா வந்து விழுந்து, உடனே அழிக்கப்பட்டுச்சு. அதுக்குள்ள பார்த்துட்டோம். மூணு தம்பிங்க, ஆளுக்கு 50 வெள்ளி, ஞாயிற்றுக்கிழமை பலகையில யார் பேர் மேல இருக்கும்னு தனியா பந்தயம். நாங்க எதைத் தடுக்கணும்னு டப்பாவும் சாவியுமா அலைஞ்சமோ, அது எங்க பலகையை வெச்சே நடந்திருக்கு. அதுல ஒரு பையன் எங்க தொழிற்சாலையிலேயே வேலை செய்றவன், 22 வயசு. சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டு உட்காரவெச்சோம். "50 வெள்ளிதானே அண்ணே"ன்னான். பர்ஸைத் திறந்து அடகுச் சீட்டை மேசை மேல வெச்சு, தேதியைப் படிக்கச் சொன்னோம். எங்களுக்கும் முதல் தடவை 50 தான்னு சொன்னோம். அவன் ஒண்ணும் பேசல. சோறு அப்படியே இருந்துச்சு.

அந்த 150 வெள்ளியை டப்பாவுல போட்டுடறோம்னு ரெண்டு பேர் வந்தாங்க. பெரியம்மா டப்பாவை கையால மூடிட்டார். "அந்தக் காசு இதுல விழக்கூடாது. அவங்கவங்க அம்மா கையில கொடுக்கட்டும்." கொடுத்தாங்கன்னு கேள்விப்பட்டோம். மூணாவது தம்பி கோபிச்சுக்கிட்டு போனவன்தான், தைப்பூசத்துக்கு காவடிச் சேவைக்கும் வரல. இப்ப போன்லயே கட்டுறான்னு பேச்சு. எங்க பலகைதான் அவனுக்குச் சூடு ஏத்துச்சான்னு எங்களுக்கு இன்னைக்கும் தெளிவில்ல. அவனோட அம்மா கோயிலுக்கு வந்தா அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குச் சங்கடமாதான் இருக்கு. அந்த வாரத்திலிருந்து பலகையில வரிசையை ஒட்டுறதை நிறுத்திட்டோம். அவரவர் புள்ளி வேணும்னா கவுண்டர்ல வந்து கேட்டுக்கலாம்.

இன்னொரு குளறுபடி முழுக்க எங்க தப்பு. அடுத்தச் சுற்றுத் தாள்ல "ஆட்ட முடிவு"ன்னு மட்டும் அடிச்சிருந்தோம். குரோஷியா பிரேசில் ஆட்டம் 90 நிமிஷத்துல 0-0. கூடுதல் நேரத்துல 1-1. அப்புறம் பெனால்டியில குரோஷியா. 0-0 எழுதினவரும் வந்து நின்னார், 1-1 எழுதினவரும் வந்து நின்னார். ரெண்டு பேருமே சரிதான். வேலை இடத்துல ஒரு லாட் ரிஜெக்ட் ஆனா முதல்ல வேலைக்குறிப்புல என்ன எழுதியிருக்குன்னுதான் பார்ப்போம். குறிப்பே சரியில்லன்னா ஆப்பரேட்டரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. அதனால ரெண்டு பேருக்கும் புள்ளி கொடுத்துட்டு, இனி 120 நிமிஷக் கணக்கு, பெனால்டி கோல் சேராதுன்னு எழுதி ஒட்டினோம். நல்லவேளை ஒட்டினோம். இறுதியாட்டம் 90 நிமிஷத்துல 2-2, 120ல 3-3. ஒட்டாம இருந்திருந்தா மண்டபத்துலயே அடிதடிதான்.

அந்த ஆட்டம் நம்ம நேரத்துக்கு இராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சு, பெனால்டியில 4-2ன்னு அர்ஜென்டினா ஜெயிக்கும்போது மணி ரெண்டை நெருங்கிடுச்சு. மார்கழி பிறந்து சில நாள்தான். விடியற்காலை பூஜைக்கு தம்பிங்க எல்லாம் கண்ணு சிவக்க வந்து நின்னாங்க. குருக்கள் ஐயா ஒண்ணும் கேக்கல, விபூதி கொடுக்கும்போது "மெஸ்ஸியா?"ன்னு மட்டும் கேட்டார். முதல் பரிசு 10 கிலோ அரிசி மூணு மூட்டை, ஒரு லாரி ஓட்டுநருக்கு. அன்னதானத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்னு சிலர் எதிர்பார்த்தாங்க. அவர் லாரியிலயே ஏத்திட்டுப் போயிட்டார். அவர் பரிசு, அவர் சாப்பிடட்டும்.

டப்பாவை அம்பாள் சன்னதி முன்னாடி, பத்துப் பேர் பார்க்க திறந்து எண்ணினோம். 3,412 வெள்ளி 60 காசு. ரசீது அடிக்கட்டையைப் பார்த்தா, காசு போட்டதுல பாதிப் பேர் கணிப்புத் தாளே வாங்காதவங்க. பந்துன்னா என்னன்னு தெரியாத பாட்டிங்க, வேன் யாருக்குன்னு விசாரிச்சுட்டு 5 வெள்ளி, 10 வெள்ளி போட்டுட்டுப் போயிருக்காங்க. சும்மா கொடுத்தா எவன் போடுவான்னு கேட்ட தம்பிகிட்டதான் அந்த ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து கூட்டச் சொன்னோம். அந்தக் காசுல வேன் 13 மாசம் ஓடுச்சு. நாலு பேர்ல ஒருத்தர் இப்ப நம்மோட இல்ல. புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க. அதுக்கப்புறம் மாச உபயமா அங்கங்க வாங்கி ஓட்டுறோம், இப்ப கையில இருக்கிறது ரெண்டு மாசத்துக்குத்தான் வரும்.

ஆக, இந்த வருஷம் உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணு நாட்டுலயும் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. நம்ம நேரத்துக்கு நடுராத்திரியிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஆட்டம் வருது, வேலைக்கு எம்சி போடாதீங்க, எங்க லைன்ல இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றோம். தாள் இலவசம், டப்பா தனி, காசுப் பரிசு கிடையாது, பலகையில வரிசை கிடையாது. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குத் தாள் தரமாட்டோம், பெத்தவங்க கோபிச்சுக்காதீங்க. அரிசி, தெர்மோஸ், குடைன்னு பரிசுக்கு உபயம் செய்ய விரும்புறவங்க அலுவலகத்துல பேர் கொடுக்கலாம். வேன் கணக்கு மாசாமாசம் பலகையில இருக்கும்.

சாவி இந்தத் தடவையும் பெரியம்மாகிட்டதான். இந்தத் தடவை கவுண்டர்லயும் அவரே உட்காருறேன்னு சொல்லிட்டார். 48 அணி, பிரிவு ஆட்டம் மட்டும் 72ன்னு சொன்னதும் தாள் எத்தனை பக்கம் வரும்னு கேட்டார். நாலு பக்கம்னோம். "எழுத்தைப் பெருசா அடிங்க தம்பி, எனக்குக் கண்ணு சரியா தெரியல"ன்னார். இப்ப ஆறு பக்கமாகுது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் வந்து வாங்கிக்குங்க.