காற்றுக்குக் கட்டும் கப்பம்

“ஐம்பது வயதில் சைக்கிளா?” என்று மோவாயில் கை வைக்காதீர்கள், சகோதரிகளே! என் நாத்தனார்தான் அந்தத் துணிச்சல்காரி. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சேலையூருக்கு அப்பால் அவள் வீடு. நாலு கிலோமீட்டர். “கொண்டு விடு, கூட்டி வா” என்று பிள்ளையிடம் கெஞ்ச வேண்டாமே என்றுதான் சைக்கிள் வாங்கினாள்.

பத்தே நாளில், “அண்ணி, மூச்சு வாங்குகிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம்” என்றாள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவளல்லவா நான்? காகிதமும் பென்சிலும் எடுத்தேன்.

சமதரையில் சைக்கிளுக்கு இரண்டு விரோதிகள். ஒன்று, தரையில் உருளும் டயரின் தடை. வேகத்தை இரட்டித்தால் அதற்குச் செலவாகும் சக்தியும் இரட்டிக்கும், அவ்வளவுதான். மற்றது காற்று. பொல்லாதது! வேகம் இரட்டித்தால் அதற்குக் கட்டும் கப்பம் எட்டு மடங்கு.

ஆளும் வண்டியுமாக 80 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரணச் சைக்கிள், காற்றில்லாத வேளை என்று வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் போக, சுமார் 25 வாட் போதும். 15-க்கு 50 வாட். 20-க்கு 95. முப்பதுக்கோ 250! நம் கூடத்துப் பழைய மின்விசிறிக்கே 75 வாட்தான்.

பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்குப் பயந்து இவள் 20-இல் மிதித்திருக்கிறாள். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். 15-இல் போனால் பதினாறு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்காக ஏறக்குறைய இரு மடங்கு உழைப்பு!

இன்னொன்று, கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கேயிருந்து வருகிறது. இவளும் கிழக்கு நோக்கித்தான் வீடு திரும்புகிறாள். 10 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், 10-இல் போவதற்கே 50 வாட் பக்கம் வேண்டும். அப்போது இன்னும் மெதுவாகப் போவதில் என்ன குறைச்சல்?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, தெரியுமா? குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக் கொண்டு போனார்கள். அவர்கள் பந்தயமா விட்டார்கள்?

நாத்தனார் சைக்கிளைக் கொடுக்கவில்லை. சாலை ஓரமாக, நிதானமாகப் போய் வருகிறாள். நீங்களும் ஆரம்பிப்பதானால் டயரில் காற்றுக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் தரைத் தடை கூடும். கூட வருபவளிடம் மூச்சிரைக்காமல் ஊர்க்கதை பேச முடிகிறதா? அதுவே உங்களுக்கு ஏற்ற வேகம்!