இசைமேடையில் ஓரிடம்

சவ்வாது மலையூர்களில் விழா நாளிலே முழவு முழங்கின், ஊரார் ஒருங்கே ஒரு தாளத்துக்கு அடிபெயர்ப்பர். ஆங்கு மேடையில்லை, ஆதலின் மேடையில் அமரத் தகுவார் யாவர் என்னும் வினாவும் இல்லை. மேடை எழுந்தவிடத்தன்றோ அவ்வினா எழுகின்றது! அதற்குத் தம் வாழ்வாலே விடையிறுத்த ஜாஸ் இசைஞர் டேவ் புரூபெக் என்பாரை ஈண்டு நினைவுகூர விழைகின்றேம்.

ஜாஸ் என்பது, அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை. வெள்ளையராகிய புரூபெக் 1920ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே பிறந்து, பியானோ வாசிப்பில் பெரும்புகழ் எய்தினார். அவருடைய நால்வர் குழு 1958இல் சென்னைக்கு வந்தது. அக்காலை அக்குழுவின் டிரம் வாசிப்பாளர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து உடன் வாசித்தார்.

பிள்ளையவர்கள் இடக்கைப் பழக்கமுடையார். அவர் மேடையில் அமரவேண்டின் பிடில் வாசிப்பார் மறுபுறம் பெயர வேண்டும். அதற்கு இசையாதாரும் இருந்தனர். செம்பை வைத்தியநாத பாகவதரோ அவரைத் தம் பக்கத்தே அமர்த்திப் போற்றினார். இருக்கையை மாற்ற ஒருவர் உடன்பட்டமையால் ஒரு பெருங்கலை விளக்கமுற்றது.

அத்தகைய சோதனை புரூபெக்குக்கும் நேர்ந்தது. அவர் குழுவில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் பல, ரைட்டை நீக்கி வெள்ளையர் ஒருவரை அமர்த்தினாலன்றிக் கச்சேரி இல்லை என்றன. புரூபெக் மறுத்தார், கச்சேரிகளை இழந்தார், தோழரைக் கைவிட்டிலர். அங்ஙனம் கதவடைத்தவை கல்லூரிகள் என்பதை எண்ணுந்தோறும் மாணாக்கராகிய எம் நெஞ்சம் நாணுகின்றது. கற்றார் அனைவரும் கற்றவழி நிற்பாரல்லர் போலும்!

ஜாஸ் இசையை வெறுங்கேளிக்கை என்று இகழ்வாருளர். அவ்விசையில் வளர்ந்த புரூபெக்கே, கிறிஸ்து பெருமானின் அன்புப் போதனையைப் பாடும் 'தி லைட் இன் தி வில்டர்னெஸ்' என்னும் பேரிசைப் படைப்பை 1968இல் அளித்தார். அப்போதனையைப் பாடுதற்கு முன்னரே அதன்வழி நின்றவர் அவர். 2012இல் அவர் இவ்வுலகு நீத்தார்.

அவரைப் போற்றும் வழி யாது? மலையூர் முழவினைக் கல்லூரி விழாக்கட்கு அழைக்குங்கால், விருந்தினரை எதிர்கொள்ளுதற்கு மட்டும் வாயிலில் நிறுத்தி அனுப்பிவிடாது, மேடைமேல் பாடுவார் பக்கத்தே இடமளித்து அமர்ந்து கேட்போமாக. இருக்கை சிறிது பெயரின் பெயர்க. அதுவே புரூபெக்குக்கு யாம் செய்யத்தக்க சிறப்பு.